அரிசிக்காகக் காத்திருக்கும் வீடு: வலென்சியாவின் காசா கார்மெலா குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்பெயினின் கிழக்குக் கரையில், வலென்சியா நகரம் கடலைத் தொடும் மால்வரோசா மணற்கரையை ஒட்டி, காசா கார்மெலா என்ற உணவகம் 1922 முதல் நடந்துவருகிறது. நான்காம் தலைமுறையின் கையில் இருக்கும் இந்தக் குடும்ப உணவகத்தில் மதியச் சாப்பாடு மட்டுமே உண்டு. ஸ்பெயின்காரர்கள் இரவு பத்து மணிக்குச் சாப்பிட உட்காருகிறவர்கள்; கடற்கரையோ சுற்றுலாப் பயணிகளால் நிறைந்த கடற்கரை. அப்படிப்பட்ட இடத்தில் இரவு வியாபாரத்தை முழுதாக விட்டுக்கொடுப்பது, கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் எவருக்கும் விளங்காத காரியமாகவே தோன்றும். ஆனால் அந்தச் சமையற்கட்டில் எரிவது விறகு என்பதையும், அதன்மேல் வேகும் பண்டம் பாயேயா என்ற வலென்சிய அரிசிச் சோறு என்பதையும் தெரிந்துகொண்ட பிறகு, மதியத்தோடு நிறுத்திக்கொள்வதில் உள்ள நியாயம் புரியத் தொடங்குகிறது.

மால்வரோசா என்பது ஒரு செடியின் பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோபியார் என்ற பிரெஞ்சுத் தோட்டக்கலை வல்லுநர் சதுப்பாகக் கிடந்த இந்நிலத்தைத் திருத்தி, நறுமண எண்ணெய்க்காக அச்செடியைப் பயிரிட்டார், பெயர் நிலைத்துவிட்டது. பிறகு நகரத்தார் கடலாட வரும் இடமாக அது மாறியது. தெற்கே கபன்யால் என்ற மீனவர் குடியிருப்பு, அதையும் தாண்டித் துறைமுகம், இன்னும் தெற்கே அல்புஃபேரா ஏரியும் அதைச் சூழ்ந்த நெல்வயல்களும். மீனும் அரிசியும் விறகும் ஒரு பகல் பயணத்துக்குள் கிடைக்கும் இத்தகைய இடத்தில் அரிசி உணவகங்கள் தோன்றியதில் வியப்பில்லை. அதே கரையில் சற்றுத் தள்ளியுள்ள லா பெபிகா 1898 முதல் நடக்கிறது. வியப்பெல்லாம், மற்ற பல இடங்கள் எரிவாயுவுக்கு மாறிய பின்னும் காசா கார்மெலா ஆரஞ்சு மர விறகிலேயே நின்றுவிட்டதில்தான் இருக்கிறது.

சட்டியும் சோறும்

பாயேயா என்பது முதலில் சோற்றின் பெயரன்று, சட்டியின் பெயர். இரண்டு காது வைத்த, அகலமான, ஆழமே இல்லாத மெல்லிய இரும்புச் சட்டிக்கு வலென்சிய மொழியில் அந்தப் பெயர். லத்தீனில் தட்டைக் குறிக்கும் பத்தெல்லா என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் வழக்கத்தில் சோறு தனி, குழம்பு தனி; பெரிய உலையில் ஒருமுறை வடித்த சோற்றைப் பந்தி முழுவதற்கும் பரிமாறிவிடலாம். பாயேயாவில் அது நடக்காது. குழம்பாக இருக்க வேண்டிய சாறு முழுவதையும் அரிசி சட்டியிலேயே குடித்துவிட வேண்டும். குடித்து முடித்தபோது மணிமணியாக, உள்ளே சற்றே கடிபடும் பதத்தில் நிற்க வேண்டும். சட்டியில் அதன் கனம் ஒரு விரல் அளவைத் தாண்டக் கூடாது. அடியில் ஒட்டிய பொன்னிறக் காந்தலுக்கு அங்கே சொக்கராட் என்று பெயர். நம் வீடுகளில் அடிப்பிடித்தால் சமைத்தவருக்குத் திட்டு விழும். அங்கே அடிப்பிடிக்காவிட்டால்தான் திட்டு.

அரிசி கொதிக்கும் சாறில் விழுந்த பிறகு ஏறத்தாழ 18 நிமிடம். அதற்குப் பிறகு இறக்கிவைத்து ஐந்து நிமிடம் ஆறவிடலாம். அவ்வளவுதான், அதன்பின் ஒவ்வொரு நிமிடமும் நட்டம்: சூடான சட்டியில் அரிசி தொடர்ந்து வெந்து, மணி உடைந்து, ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். ஆகவே முன்கூட்டியே ஆக்கி வைப்பதற்கோ, பாதி வேகவைத்து வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் கேட்டதும் முடித்துக் கொடுப்பதற்கோ இடமில்லை. பாதி வேகவைத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. உறைந்த பாயேயாவை வாங்கிச் சூடாக்கிக் கொடுத்து, வாசலில் வண்ணப் படப் பலகை வைத்திருக்கும் கடைகளும் ஸ்பெயினின் சுற்றுலாத் தெருக்களில் ஏராளம். அவற்றின் கணக்கு வேறு, அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

இந்த 18 நிமிடத்தை ஒழுங்காகக் கொடுக்க வேண்டுமானால், உணவகத்தின் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அதற்கேற்ப வளைய வேண்டும். முன்பதிவு வேண்டும், அதிலும் கறியும் காயும் போட்ட வலென்சியப் பாயேயா வேண்டுமென்றால் அதை முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். ஒரு சட்டிக்குக் குறைந்தது இருவர் என்ற விதி ஸ்பெயின் முழுவதும் அரிசி உணவகங்களின் உணவுப் பட்டியலில் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே மேசையில் நால்வர் நான்கு விதமான அரிசி கேட்டால் நான்கு அடுப்பு போய்விடும் என்பதால், மேசைக்கு ஒரு சட்டி என்பதே எழுதாத சட்டம். இவையெல்லாம் கடைக்காரரின் பிடிவாதம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. பிடிவாதம் அரிசியுடையது, கடைக்காரர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்பதே இந்த ஆய்வின் வாதம்.

ஒரு சட்டியின் கதை

கடலுணவுப் பாயேயா ஒன்று எப்படி உருவாகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் சொல்லிவிட்டால் மேற்கொண்டு பேசுவது எளிதாகும்.

வேலை காலையில் சாறிலிருந்து தொடங்குகிறது. விலைபோகாத முள் நிறைந்த சிறு மீன்கள், நண்டு, கலேரா என்று அங்கே அழைக்கப்படும் ஒருவகைக் கடல் இறால், மீன் தலைகள் ஆகியவற்றை வதக்கித் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டுவார்கள். தட்டில் தெரியும் பெரிய இறால் அழகுக்கும் கௌரவத்துக்கும் உதவும். சோற்றின் சுவை வருவது கண்ணில் படாத இந்தக் கழிவு மீன்களிலிருந்துதான். மேசை பிடித்துக்கொண்ட விருந்தினர் உட்கார்ந்த பிறகு அடுப்பில் ஆரஞ்சுக் கட்டைகளை அடுக்கி, மேலே சட்டி வைக்கப்படுகிறது. முதலில் எண்ணெயும் உப்பும். அதில் இறாலை ஓட்டோடு புரட்டி எடுத்துத் தனியே வைப்பார்கள். அதே எண்ணெயில் கணவாய்த் துண்டுகள், பிறகு துருவிய தக்காளி, தக்காளி சுண்டி நிறம் மாறியதும் இனிப்பு மிளகாய்த்தூள். மிளகாய்த்தூள் கருகினால் சட்டி முழுதும் கசக்கும் என்பதால் அது விழுந்த சில நொடிகளில் சாறு விழ வேண்டும். குங்குமப்பூவும் அப்போதே.

அரிசி போடும் விதம் கண்ணுக்கு விருந்து. அளவுக் கிண்ணம் இல்லாத பழைய வீட்டுச் சமையலில், கொதிக்கும் சாறின் குறுக்கே சட்டியின் ஒரு காதிலிருந்து மறு காது வரை அரிசியை ஒரு மேடாகக் கொட்டுவார்கள். மேட்டின் முகடு சாறின் மட்டத்துக்கு மேல் சற்றே தலைகாட்டினால் அளவு சரி. இந்த மேட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் கபயோன்; அது வயலில் கட்டும் வரப்பைக் குறிக்கும் சொல். நெல் விளைந்த இடத்தின் வரப்பு சட்டிக்குள்ளும் வந்துவிடுகிறது. பிறகு கரண்டியால் வரப்பை உடைத்து அரிசியைச் சமமாகப் பரப்புவார்கள். அத்தோடு கரண்டிக்கு வேலை முடிந்தது. இதன்பின் கிளறினால் அரிசியின் மாவு கரைந்து கஞ்சித்தன்மை வந்துவிடும்.

முதல் எட்டுப் பத்து நிமிடம் தீ நாக்கு நீட்டி எரிய வேண்டும். அடுத்த எட்டு நிமிடம் தணலாக அடங்க வேண்டும். எரிவாயுவில் இது ஒரு திருகல். விறகிலோ, பத்து நிமிடம் கழித்துத் தணியப்போகும் தீயை இப்போதே அடுக்கியாக வேண்டும்: எத்தனை மெல்லிய குச்சி, எத்தனை தடித்த கட்டை, எப்போது கட்டையை வெளியே இழுப்பது என்பதெல்லாம் முன்கூட்டிய கணக்கு. ஆரஞ்சு மரம் கெட்டியானது, சீராக எரியும். வலென்சியாவைச் சுற்றி ஆரஞ்சுத் தோப்புகள் பரந்துகிடப்பதால் கவாத்துக் கிளைகளுக்குப் பஞ்சமும் இல்லை. சாறு வற்றியதும் கொதியின் ஓசை அடங்கி, அடியில் சடசடவென்று பொரியும் ஓசை எழும். காந்தல் பிடிக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். மூடியில்லாத சட்டி என்றாலும் அடியைக் கண்ணால் பார்க்க முடியாதாகையால், காதுக்கும் மூக்குக்கும்தான் அங்கே வேலை. பொன்னிறத்துக்கும் கரிக்கும் இடையே அரை நிமிடம்கூட இருக்காது.

வலென்சிய வயல்காட்டுப் பாயேயா இதைவிடப் பொறுமை கேட்கும். அதில் கோழியும் முயலும் சட்டியிலேயே நெடுநேரம் வறுபட்டு, தண்ணீர் விட்டபின் அதே சட்டியில் கொதித்துத் தானே சாறு உண்டாக்கிக்கொள்ளும். ஆக ஒரு சட்டிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் அடுப்பு வேண்டியிருக்கிறது. கடலுணவு அரிசியில் சாறு காலையிலேயே தயாராகிவிடுவதால் அடுப்பு நேரம் பெருமளவு மிச்சம். வயல்காட்டுப் பாயேயா வீட்டிலும் தோட்டத்திலும் ஞாயிற்றுக்கிழமை ஆக்கும் பண்டமாகப் பெரிதும் நின்றுவிட, கடலுணவு அரிசி உணவகத்தின் பண்டமாக வளர்ந்ததற்கு இந்த அடுப்புக் கணக்கும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். கடற்கரையில் மீன் கிடைக்கும் என்பது மட்டுமே காரணமன்று.

பட்டியலில் உள்ள மற்றவை

இக்கரையின் அரிசி வகைகளில் சிலவற்றின் பெயரிலேயே அவற்றின் சாதியும் வர்க்கமும் எழுதியிருக்கும். அரோஸ் ஆ பாண்டா என்றால் தனியாக வைத்த அரிசி. மீனவர்கள் விற்காத மீனை உருளைக்கிழங்கோடு வேகவைத்து அதைத் தனியே தின்று, மீந்த சாறில் அரிசியை வேகவைத்துப் அயியோலி என்ற பூண்டு-எண்ணெய்த் துவையலோடு தின்றதிலிருந்து வந்தது. அரோஸ் தெல் செந்யோரெட் என்றால் சின்ன எசமான் சோறு: இறாலும் மட்டியும் ஓடு நீக்கிப் போடப்பட்டிருக்கும், எசமானின் விரல் அழுக்காகாது. அரோஸ் நெக்ரோ கணவாய் மையால் கறுத்தது. ஃபிதெவா என்பது அரிசிக்குப் பதில் சேமியா போட்டது. தெற்கே கந்தியா ஊரின் மீன்பிடிப் படகில் பிறந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள்.

அரிசிக்கு முன்னால் வருபவற்றைத் துணைக்கறி என்று தள்ளிவிடக் கூடாது. எலுமிச்சையும் மிளகும் போட்டு ஆவியில் திறக்கவைத்த கிளோச்சினா என்னும் வலென்சியச் சிறுமட்டி, மணலில் எடுக்கும் தெயீனா என்ற சிறு சிப்பி, சுட்ட சிவப்புக் குடைமிளகாயைக் கிழித்து உப்புக் கருவாட்டோடும் ஆலிவ் எண்ணெயோடும் பிசைந்த எஸ்கர்ராயெத் போன்றவை மேசையின் நடுவே வைக்கப்பட்டு எல்லோரும் பகிர்ந்துண்பவை. அரிசிக்குக் காத்திருக்கும் முக்கால் மணி நேரத்தை இவைதாம் நிரப்புகின்றன. விருந்தினருக்குக் காத்திருப்பது தெரிவதில்லை. கடைக்குத் தலைக்கு வரும் வருமானம் கூடுகிறது. இரவுப் பந்தி இல்லாத நட்டத்தில் ஒரு பகுதியை மதியப் பந்தியின் இந்த நீளம் ஈடுகட்டுகிறது என்றே சொல்ல வேண்டும்.

அடுப்பின் எண்ணிக்கையே எல்லை

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு விறகடுப்பு ஒரு கடலுணவுச் சட்டிக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கிறது என்றும், மதியப் பந்தி மூன்று மணி நேரம் என்றும் கொண்டால், ஓர் அடுப்பில் நான்கு சட்டிக்கு மேல் போகாது. எல்லோரும் இரண்டு மணியை ஒட்டியே பசியோடு வருவதால் நடைமுறையில் அதுவும் குறையும். மேசைகளைக் கூட்டலாம், பரிமாறுபவர்களைக் கூட்டலாம். அடுப்பைக் கூட்டாமல் எதுவும் பயனில்லை. அடுப்பைக் கூட்டினாலோ, தீயைப் பார்த்துக்கொள்ளும் கண் ஒன்று கூட வேண்டும். அந்தக் கண்ணை விளம்பரம் கொடுத்து வேலைக்கு எடுப்பது கடினம். தணலின் நிறத்தையும் காந்தலின் ஓசையையும் பல ஆண்டுகள் பக்கத்தில் நின்றே கற்க வேண்டியிருப்பதால், இத்தொழிலுக்குக் குடும்பம் இயல்பான பள்ளிக்கூடமாகிறது. குடும்ப உணவகம் என்ற சொல்லைப் பலர் சுவரில் மாட்டிய பழைய புகைப்படங்களுக்காகப் பயன்படுத்துகிறார்கள். காசா கார்மெலாவைப் பொறுத்தவரை அச்சொல்லுக்கு உற்பத்தி சார்ந்த பொருள் உண்டு.

இதற்கு நேரெதிரான ஒரு குடும்ப வெற்றியும் ஸ்பெயினில் இருப்பதை மறைக்கக் கூடாது. பார்சலோனா துறைமுகத்துக்கு எதிரே 1836இல் திறக்கப்பட்ட 7 போர்த்தெஸ் உணவகத்தைப் பரெயாதா குடும்பத்தார் 1942இல் ஏற்றெடுத்தார்கள். அது பிற்பகலிலும் அடைக்காமல் இரவு வரை தொடர்ந்து நடக்கும் பெரிய கூடம். அங்கும் அரிசிதான் பெயர்பெற்றது. எலும்பும் ஓடும் முள்ளும் நீக்கிப் போடும் பரெயாதா அரிசி அதன் அடையாளம். எனவே சிறிதாக இருப்பதுதான் நிலைக்கும் வழி என்ற முடிவுக்கு யாரும் தாவ வேண்டியதில்லை. பார்சலோனாக்காரர்கள் விருந்தினரின் நேரத்துக்கு அரிசியைப் பழக்கினார்கள். மால்வரோசாக்காரர்கள் அரிசியின் நேரத்துக்கு விருந்தினரைப் பழக்கினார்கள். இரண்டாவது வழி ஊர்ப் பழக்கத்தின் துணையில்லாமல் நடக்காது: வலென்சியர்கள் பாயேயாவை மதிய உணவாகவே கருதுகிறார்கள், இரவில் அது வயிற்றுக்குப் பாரம் என்பது அவர்களின் நம்பிக்கை. ஆகவே இரவில் கடை அடைத்திருப்பது உள்ளூர்க்காரருக்கு உறுத்துவதில்லை. வேறு நகரத்தில் இதே விதியோடு இதே கடையைத் திறந்தால் என்னாகும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

ஊரின் கண்காணிப்பு

இன்னொரு துணையும் உண்டு, அது சற்றுக் கெடுபிடியான துணை. வலென்சிய அரிசிக்கான புவிசார் பாதுகாப்பு அமைப்பு ஏற்கும் மரபுப் பாயேயாவில் பத்துப் பொருள்கள்தாம்: எண்ணெய், கோழி, முயல், தட்டை அவரை, கார்ரோஃபோ எனப்படும் பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, அரிசி, தண்ணீர், குங்குமப்பூ, உப்பு. வேறு எதையாவது போட்டால், அதற்கு வலென்சியர்கள் வைத்திருக்கும் பெயர் சாமான் போட்ட சோறு. 2016இல் பிரித்தானியச் சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் கொரீசோ தொத்திறைச்சி போட்ட பாயேயா ஒன்றைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டபோது ஸ்பெயினிலிருந்து எழுந்த கூச்சல் உலகச் செய்தியானது. 2021இல் வலென்சிய மாநில அரசு பாயேயா ஆக்கும் கலையைப் பண்பாட்டு மதிப்புடைய மரபாக அறிவித்தது.

வேடிக்கை என்னவென்றால், மேற்சொன்ன பத்தில் மீனும் இறாலும் இல்லை. கடலுணவுப் பாயேயாவுக்குப் பாயேயா என்ற பெயரை வலென்சியர்கள் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். கறியையும் மீனையும் ஒரே சட்டியில் கலக்கும் கலவைப் பாயேயாவைக் கண்டால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள். இந்த ஊர்க் கண்காணிப்பு புதுமையைத் தடுக்கிறது என்ற குறை நியாயமானதே. ஆயினும் விறகடுப்புக் கடைக்கு அது காவலாகவும் இருக்கிறது. சட்டியைப் பார்த்ததும் தரம் சொல்லிவிடும் ஊர்க்காரர்கள் நிறைந்த கூடத்தில் தரத்தைக் குறைத்துத் தப்பிக்க முடியாது.

வயலிலிருந்து வரும் தொல்லை

அரிசிக்கு ஸ்பானிய மொழியில் அரோஸ் என்று பெயர்; அரபு அர்-ருஸ் என்பதிலிருந்து வந்தது. அதன் மூலத்தைத் தமிழ் அரிசியோடு இணைத்தவர்கள் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. அரபியர் ஆட்சியில் வேரூன்றிய நெல் சாகுபடியை, தேங்கிய நீரால் மலேரியா பரவுகிறது என்று பிற்கால மன்னர்கள் பலமுறை கட்டுப்படுத்திப் பார்த்தார்கள். வயல்கள் இருந்தன, காய்ச்சலும் இருந்தது. 1986இல் அல்புஃபேரா இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மே மாதம் விதைப்பு, செப்டம்பரில் அறுவடை, குளிர்காலத்தில் பறவைகளுக்காகவும் நிலத்துக்காகவும் வயலில் மீண்டும் நீர் நிறுத்தல் என்ற சுழற்சி இன்றும் நடக்கிறது.

உணவகங்கள் நம்பியிருப்பது போம்பா என்ற ரகத்தை. அது தன்னைப்போல் மூன்று பங்கு அளவுக்குச் சாறு குடித்தும் எளிதில் உடையாது. அரை நிமிடம் தவறினாலும் மன்னித்துவிடும் குணம் அதற்கு உண்டு. ஆனால் தண்டு உயரமானது, காற்றடித்தால் சாயும், விளைச்சலும் குறைவு, விலை அதற்கேற்ப. இதற்கு மேல் குலை நோய் வேறு. நம் நெல் விவசாயிகளுக்கு நன்கு தெரிந்த அதே குலை நோய் போம்பாவை எளிதில் தாக்குகிறது. அதற்கெதிராகப் பயன்பட்ட ட்ரைசைக்ளசோல் மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் அனுமதி அளிக்க மறுத்தது. அதன் எச்சத்துக்கு விதித்த கடும் வரம்பால் இந்தியாவின் பாசுமதி ஏற்றுமதியாளர்களும் திண்டாடினார்கள். வலென்சிய விவசாயிகளின் குறையோ, தங்களுக்கு அந்த மருந்து கையில் இல்லை என்பது.

மாற்று ரகங்கள் இருக்கின்றன. செனியாவும் பஹியாவும் சாறின் சுவையைப் போம்பாவைவிட நன்றாக வாங்கிக்கொள்ளும் என்று சொல்லும் சமையல்காரர்கள் வலென்சியாவில் பலர். வீடுகளில் பெரும்பாலும் அவைதாம் வேகின்றன. ஆனால் அவை சீக்கிரம் வேகும், சீக்கிரம் குழையும், சாறும் குறைவாகக் கேட்கும். போம்பாவிலிருந்து செனியாவுக்கு மாறும் விறகடுப்புச் சமையல்காரர் அரிசி மூட்டையை மட்டும் மாற்றிவிட்டு முன்போல் நிற்க முடியாது. சட்டியில் ஊற்றும் சாறின் அளவு, முதல் தீயின் நேரம், கட்டையை இழுக்கும் தருணம், காந்தலுக்காகக் காது கொடுக்கும் அந்தக் கடைசி நிமிடம் என எல்லாவற்றையும் அவர் மறுபடி பழக வேண்டும். அப்படிப் பழகும் மாதங்களிலும் ஒவ்வொரு மதியமும் கூடம் நிறைந்திருக்கும். உட்கார்ந்திருப்பவர்கள் வலென்சியர்களாக இருப்பார்கள்.